ஸ்டாஃப் ரூம் மூலையில் ஒரு ரகசியம்

பள்ளிக்கூட நர்ஸுக்கு ஊசி போடுவது சுலபம்; பதினாலு வயசுப் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதுதான் பெரும்பாடு. வீட்டில் அந்த வயதில் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். உங்களுக்கு ஒன்றோ இரண்டோ. எனக்கு மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடம் முழுக்க.

எடை பார்த்த அன்று

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்பதாம் வகுப்புக்கு எடை பார்த்தேன். நான் எண்ணைச் சொல்ல, லீடர் நோட்டில் எழுதுவான். எனக்கோ பஜாரில் லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. ஒவ்வொரு எண்ணுக்கும் வரிசையே சிரித்தது.

கலைச்செல்வி ஏறினாள். அப்பாவுக்கு எறணாகுளத்தில் கொத்தனார் வேலை. இவள் எங்கள் பள்ளியின் ஓட்டக்காரி. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. "மாசாமாசம் சரியா வருதா?" என்று நான் கேட்டதும் பின்னால் வரிசை கப்சிப். அவள் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"சிஸ்டர், நீங்க கேக்குறது படகுத் துறை வரைக்கும் கேக்கும். எனக்கு ஒண்ணுமில்ல."

தமிழில் பேசிக்கொண்டது

என் மேஜை ஸ்டாஃப் ரூம் மூலையில். மறுநாள் அங்கே கூப்பிட்டேன். சுற்றிலும் மலையாள டீச்சர்கள், நாமோ தமிழில் பேசப் போகிறோம், பிறகென்ன பயம் என்று என் கணக்கு. அவளும் நம்பிவிட்டாள். எட்டு நாள் வரை உதிரம் நிற்பதில்லையாம். மாடிப்படி ஏறினால் தலை சுற்றுகிறதாம். பி.டி. சாருக்குத் தெரிந்தால் ஜில்லா போட்டியிலிருந்து எடுத்துவிடுவார் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "யாருக்கும் தெரியாது" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

நாலு பாஷை பேசாமல் தேங்காய்கூட விற்க முடியாத ஊரில் பிறந்தவள் நான். எனக்கே அது ஞாபகம் வரவில்லை. பக்கத்து மேஜையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் சுகுமாரன் சார், தலை நிமிராமல், சுத்தத் தமிழில் சொன்னார்:

"சிஸ்டர், நான் எதையும் கேக்கலை. ஆனா அதுக்கு முருங்கைக்கீரை நல்லது."

சுகுமாரன் சாரின் சிபாரிசு

அப்புறம் இரண்டு வாரம் கலைச்செல்வி என் பக்கமே வரவில்லை. திங்கட்கிழமை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போதும் ஆள் இல்லை. வாக்குக் கொடுத்த வாயாலேயே கெடுத்தோமே என்று எனக்கு அவமானமாக இருந்தது. நேரே தலைமையாசிரியையிடம் போய், கதவு உள்ள அறை வேண்டும் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளிடம் என்ன பேசுகிறாய் என்று பெற்றோர் கேட்பார்களே என்று அவர் இழுத்தார். கையெழுத்து வாங்க வந்து நின்ற சுகுமாரன் சார் மலையாளத்தில் நடுவில் புகுந்தார்:

"டீச்சரே, சிஸ்டருக்கு ஒரு கதவு கொடுக்கணும், இல்லெங்கில் என்டெ காதில் வைக்கான் கொறச்சு பஞ்சு தரணும்."

மாடிப்படிக்குக் கீழே

கிடைத்தது பந்தும் வலையும் போட்டுவைக்கும் அறை. முதல் வாரம் வந்தவர்களெல்லாம் பந்து கேட்டுத்தான் வந்தார்கள். கலைச்செல்வியும் அப்படித்தான் வந்தாள். ஆனால் பந்தை எடுக்காமல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் சம்மதத்தோடு அம்மாவை வரவழைத்தேன். இஞ்சி குடோன் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்த அந்த அம்மா, "எங்கிட்டயே மறைச்சியாடி?" என்று அழுதுவிட்டாள். ரத்தப் பரிசோதனை, டாக்டர், மருந்து எல்லாம் ஆயிற்று. ரத்தம் ஏறும்வரை ஓடக்கூடாது என்றார் டாக்டர்.

ஜில்லா போட்டி போயிற்று. அன்று நானும் கலைச்செல்வியும் சேர்ந்துதான் அழுதோம். பி.டி. சாரிடம் அவளே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அடுத்த வருஷம் அவள் இடம் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார் மனுஷர்.

மூன்று மாதம் கழித்து மைதானத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தாள். போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் அறைக்குள் தள்ளினாள்:

"தைரியமா சொல்லு, சிஸ்டர் நல்லவங்கதான். ஆனா மொதல்ல கதவைச் சாத்து, இவங்க தொண்டையை நம்ப முடியாது."

நர்ஸிங் படிப்பு எனக்குச் சர்ட்டிஃபிகேட் கொடுத்தது. நோயாளிகளைக் கொடுத்தது என்னவோ ஒரு துருப்பிடித்த தாழ்ப்பாள்தான்.