பொட்டலத்தின் பின்பக்கம் வாசித்தவர்

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, அவனியாபுரத்து பேக்கரி ஒன்றில் அவரைப் பார்த்தேன். நெட்டையான மனிதர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, ரஸ்க் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தில் தேதியை மட்டுமே பார்ப்பவன் நான். அங்கே வாசிக்க இவ்வளவு இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

“பரீட்சைக்காண்ணே படிக்கிறீங்க?” என்றார் கடைக்காரர்.

“மகளுக்கு நிலக்கடலை ஆகாதுப்பா. துணுக்கு பட்டாலும் மூச்சு முட்டிரும், ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கடலை கலந்திருக்கலாம்னு பொடி எழுத்துல போட்டு வச்சிருப்பாய்ங்க.”

ஒவ்வொன்றாகத் தள்ளியதில், கடைசியில் ஒரு பொட்டலம் தேறியது. அவர் முகம் மலர்ந்ததில் கடைக்காரருக்கும் மனம் இளகிவிட்டது. பிள்ளைக்கு வாங்குபவருக்குக் கொசுறு கொடுக்கும் பழக்கத்தில், கை தானாக ஒரு பாட்டிலைத் திறந்தது.

“பாப்பாவுக்கு நான் குடுத்தேன்னு சொல்லுங்கண்ணே.”

அது கடலை மிட்டாய்.

அன்பாகக் கொடுத்ததை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. பல்லியின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, நீங்க தின்னுருங்க. ஆனா இன்னைக்கு எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீங்க.”

பிறகு சட்டைப்பையிலிருந்து சோப்புத் துண்டை எடுத்து, கடை வாசல் குழாயில் கையைக் கழுவிவிட்டே வண்டியை எடுத்தார்.

அவர் வீடு எந்தத் தெரு என்று கேட்காமல் விட்டேன். அதனால் கடலை மிட்டாய் தின்ற நாட்களில், அவனியாபுரத்தில் எந்தக் குழந்தை சிரித்தாலும் இன்றுவரை தள்ளி நின்றே சிரிக்கிறேன்.