புகை பார்க்கப் போகாத பிள்ளை

என் மகள் ஹரிணிக்கு முதலில் வந்தது வயிற்றுவலி. என்னைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வலி வராது. எட்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள் என்றுதான் திருத்தங்கலில் எங்கள் தெருவே பேசியது. எதிர்வீட்டு மாரியம்மாள் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "நமக்கெல்லாம் வயித்துவலின்னா ஓமத்தண்ணி. ஒம் மகளுக்கு மட்டும் ஸ்கேனாக்கும்" என்றாள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதற்குள் பள்ளிக்கூடம் போவதே நின்றுபோனது.

விருதுநகரில் ஒரு மனநல ஆலோசகர் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். வேலைக்குப் போன நான் வெடியில் செத்துப்போவேன் என்ற ஒரே நினைப்புதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதற்றக் கோளாறு (பயம் அளவு மீறி உடம்பையும் அன்றாடத்தையும் பிடித்துக்கொள்வது) என்றார்.

மாத்திரை கொடுக்கவில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (நினைப்பையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றிப் பயத்தைத் தணிப்பது) என்று தொடங்கினார். உங்கள் பிள்ளைக்கும் இதைச் சொல்லியிருந்தால் ஒன்று சொல்கிறேன். பாதிச் சிகிச்சை நமக்குத்தான். "ஒண்ணும் ஆகாது தாயி" என்று நாங்கள் ஓயாமல் சொன்னதை முதலில் நிறுத்தச் சொன்னார். கம்பெனிக்குள் செல்போன் கூடாது என்பதால், ஹரிணி ஆபீசுக்குப் போன் போட்டு நான் இருக்கிறேனா என்று கேட்பாள். அதையும் குறைக்கச் சொன்னார். ஏறுகிற பயம் தானாக இறங்கும், அதை அவள் உடம்பே அறிய வேண்டும் என்றார்.

அறிந்தது. போன் நின்றது. முதலில் அரைநாள், பிறகு முழுநாள் பள்ளிக்கூடம் போனாள்.

அடுத்த படி, சத்தம். எங்கள் பக்கம் எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் தெருவே மொட்டைமாடி ஏறிவிடும். புகை எந்தத் திசை, எந்தக் கம்பெனி, அங்கே நம் ஆள் யார் என்று பார்ப்போம். ஹரிணி அப்படி ஏறக்கூடாது, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சை நிதானமாக விட்டுக் கடக்க வேண்டும்.

நானும் லீவில், ஹரிணிக்கும் பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த ஒரு முற்பகலில் அந்தச் சத்தம் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது. மாடியில் நின்றவர்கள் எல்லோரும் போனைக் காதில் வைத்திருந்தார்கள். வெம்பக்கோட்டைப் பக்கம் புகை. எங்கள் கம்பெனி இல்லை.

இறங்கி வந்தேன். ஹரிணி கட்டிலோரம் தரையில், வயிற்றில் கைவைத்து, சொல்லிக்கொடுத்தபடியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் போகலைல்ல. நீ எதுக்கும்மா போன?"

சாயங்காலம் செய்தி வந்தது. இறந்தவர்களில் செல்வியும் ஒருத்தி. போன சீசன் வரை எங்கள் வேனில் வந்தவள், ஹரிணிக்குப் பூ வாங்கிக் கொடுப்பவள்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் மறுபடி நின்றது. இந்தத் தடவை வலியும் இல்லை, அழுகையும் இல்லை. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடி ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். "அவ பயம் தப்புன்னு என்னால இப்ப சொல்ல முடியலைங்க. மறுபடி முதல் படியிலயிருந்து பாப்போம்" என்றார். வேறு வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் காலண்டர் சீசனில்தான் முழு வேலை. என் கூலியை விட்டால் வீடு ஓடாது என்றேன்.

முதல் படியிலேயே நிற்கிறோம். முன்பெல்லாம் வருஷத்தைத் தீபாவளிக்குத் தீபாவளி எண்ணுவேன். இப்போது சாயங்காலத்துக்கு அப்பால் எதையும் யோசிக்க முடிவதில்லை. வேலை செய்யும்போது என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கிறது, முன்பு கேட்டதில்லை.

வீடு திரும்பியதும் ஹரிணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். நாடி துடிக்கிறதா என்று பார்க்கிறாள். இதுவும் விடவேண்டிய பழக்கம்தான், சொன்னால் ஆலோசகர் நிறுத்தச் சொல்வார். நான் இன்னும் சொல்லவில்லை. கையை இழுத்துக்கொள்ள எனக்கும் மனம் வரவில்லை.