ஜி.பி.எஸ். கடை ஷர்லி

வாட்சைக் கழற்றி, செல்போனோடு சேர்த்து, கோட்டைப்பட்டினம் கரையில் நிற்கும் என் கையில் திணித்துவிட்டுத்தான் ஷர்லி படகில் கால் வைப்பார். "பத்தரமா வச்சிருங்கண்ணே. இருந்தா கண்ணு அதுக்குத்தான் போகும்." ஞாயிறு பூசை முடிந்ததும் இது நடக்கும். அவர் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்த பாவத்துக்கு, நான் காவல்.

வேடிக்கை என்னவென்றால், அவர் பிழைப்பே படகுகளின் ஜி.பி.எஸ். விற்பதும் பழுது பார்ப்பதும்தான். டிப்ளமோ படித்தவர். உப்புநீர் குடித்துச் செத்த கருவிகள் அவர் மேசையில் பிழைத்துக்கொள்ளும். வாங்கிப் போகிறவர்களிடம் வாய் சும்மா இருக்காது: "இது நின்னுபோச்சுன்னா எங்கிட்டுத் திரும்புவீங்க?" வியாபாரம் தெரியாத வியாபாரி.

அந்தக் கேள்வி வீட்டில் பிறந்தது. கணவர் அருள்தாஸின் ஜி.பி.எஸ். ஒருமுறை நடுக்கடலில் நின்றுபோனது. படகு எல்லை தாண்டிவிட, அக்கரையில், இலங்கைச் சிறையில் கிடந்து வந்தார். அதன் பிறகு கருவி இல்லாமல் கடல் என்றாலே அவருக்கு உதறல். ஷர்லிக்கோ வீம்பு. பழைய படகில் ஒட்டுப்போட்ட பாய் கட்டினார். காற்றையும் அலையையும் பார்த்துப் போய்வரும் வித்தையைப் பாதி கேட்டுத் தெரிந்துகொண்டார், பாதி வழிதவறித் தெரிந்துகொண்டார்.

அருள்தாஸும் கூடப் போவார், மடியில் ஜி.பி.எஸ்.ஸை ஒளித்துக்கொண்டு. ஷர்லிக்கு அது தெரியும்; கேட்டதில்லை.

போன வாரம் அவர்கள் கரை மறையும் தூரம் போனபின் மூடாப்புப் போட்டுவிட்டது. சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. கரையில் நான் அவர் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, அந்த ஒட்டுப்போட்ட பாய் புறப்பட்ட இடத்துக்கே நேராக வந்தது. எங்கள் ஊர்ப் பெண் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். கொஞ்சமும் குறைத்துச் சொல்லவில்லை.

"கை மடியிலதாண்ணே இருந்துச்சு," என்றார் அருள்தாஸ். "எடுக்கப் போனேன். அவ கண்ண மூடிக்கிட்டு வெறுங்கால ஊண்டி நிக்கிறா. 'கொண்டல் அல பின்னாடி தூக்கி முன்னாடி எறக்குது, பேசாம வாங்க'ங்கிறா." கிழக்கிலிருந்து வரும் அலை முதுகில் தள்ளினால், முகம் கரைப்பக்கம். அவ்வளவுதான் கணக்கு.

இந்த ஞாயிறு ஷர்லி வழக்கம்போல வாட்சையும் போனையும் கொடுத்துவிட்டு ஏறினார். படகைத் தள்ளப் போன அருள்தாஸ் நின்றார். திரும்பி என்னிடம் வந்து, மடியை அவிழ்த்து, ஜி.பி.எஸ்.ஸை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.