நான்காம் இலக்கில் எழுந்த தடி

சாயிசனின் வலத் தோள் விண்விண்ணென்று வலித்தது. காலையிலிருந்து முப்பத்தெட்டு வெடி. இது கட்டுக்கதை என்பவர்கள் அந்தத் தோளில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்திருக்க வேண்டும். உண்மையாக நடந்தது. சுவிஸில், பேர்ணுக்கு வெளியே ஒரு கிராமத்துச் சுடுதிடலில், போன நவம்பரில், பட்டப்பகலில்.

துப்பாக்கிப் பட்டறையில் அவனுக்கு மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை. அன்று கடைசி நாள். ஒரு வாடிக்கையாளருக்காக அவனே பொருத்திய அரைத் தானியங்கித் துப்பாக்கி. இரண்டு மணிக்கு ஆள் வருவார். ஒழுங்காகச் சுட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் ஹோட்டல் குசினி, கோப்பை கழுவல். துப்பாக்கியோ ஒவ்வொரு மூன்றாவது வெடிக்கும் ரவைக்கோதை வெளியே தள்ளாமல் இறுகி நின்றது.

பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அங்கே வெடிச்சத்தம் கேட்கக் கூடாது. ஊர் சாப்பிடும் நேரம். வெடி எங்கே பட்டது என்று காட்டும் திரைகளையும் அணைத்துவிடுவார்கள். சாயிசன் அதை மீறினான். நான்காம் இலக்கில் கடதாசி ஒட்டிவிட்டு வந்து படுத்தான்.

12:07. முதல் வெடி.

பனிமூட்டத்தில் இலக்கின் கறுப்பு மட்டும் தெரிந்தது. ஓட்டை தெரியவில்லை. போய்ப் பார்க்க முந்நூறு மீற்றர் நடக்க வேண்டும். எழும்பப் போனான்.

இலக்கின் அடியிலிருந்து ஒரு நீளத் தடி எழுந்தது. நுனியில் வட்டத் தகடு. கீழே, இடப்பக்கம் வந்து நின்றது. இங்கே பட்டது என்று காட்டுவது போல.

இலக்குகளுக்குக் கீழே இருக்கும் பழைய குழிக்குள் ஆளா!

ரவைகளைக் கழற்றிவிட்டுத் தயாநிதிக்குப் போனில் அழைத்தான். திடலைத் துப்புரவு செய்பவர். பின்னால் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, குழிக்குள்ள ஆர் நிக்கினம்?"

"ஆரும் இல்லையடா. கதவு பூட்டு, திறப்பு என்ர இடுப்பில. பசியில கண் இருட்டுதோ?"

"தடி ஒண்டு எழும்பினது..."

"தடியோ? குழிக்குள்ள ஆள் நிண்டு தடியால காட்டுறதெல்லாம் நிப்பாட்டி முப்பது வருசம். நீ முதல்ல வெடியை நிப்பாட்டு. என்ர வேலையையும் திண்டுபோடாத."

திரும்பிப் பார்த்தான். தடி இல்லை.

12:19. கோதைத் தள்ளும் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கால் சுற்றுத் திருப்பினான். குறியை வலப்பக்கம் தள்ளி உயர்த்தினான். சுட்டான்.

தடி எழுந்தது. நடுவுக்குக் கிட்ட.

டொக்... டொக்... தகடு சட்டத்தில் தட்டியது. முந்நூறு மீற்றர் தள்ளி. சத்தம் அவன் காதடியில்.

பயம்தான். ஆனால் இரண்டு மணி கழுத்தில் நின்றது. குறியை இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

12:26. ஐந்து வெடி. ஐந்து கோதும் துள்ளி விழுந்தன.

தடி நடுவில் நின்றது. சுழன்றது. ஒரு முறை... இரண்டு முறை...

இறங்கவில்லை.

தடியைப் பிடித்த கை மேலே வந்தது.

பிறகு தொப்பி.

தொப்பிக்குக் கீழே... பனி.

12:31. அது நடக்கத் தொடங்கியது.

அவனை நோக்கி.

ஓடினான்.

ஒன்றரைக்குத் தயாநிதியோடு குழியைத் திறந்து பார்த்தான். தூசியில் ஒரு காலடி இல்லை. தடியும் இல்லை. கடதாசியின் நடுவில் உள்ளங்கையளவுக்குள் ஐந்து ஓட்டை. இரண்டு மணிக்கு வந்தவர் வாயெல்லாம் பல்லாகத் துப்பாக்கியை வாங்கிப் போனார். முதலாளி கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம், சுடுதிடல் சங்கத்தின் பழைய செயலாளர் தயாநிதியிடம் சொன்னது இது. 1968. நான்காம் இலக்கில் தடி பிடித்தவன் இத்தாலியிலிருந்து வந்த தெருவேலைக்காரன். நடுவில் பட்டால் தடியைச் சுழற்றிக் காட்டுவான்; சுட்டவர் தடிக்காரனுக்கு ஒரு போத்தல் பியர் கொடுப்பது வழக்கம். அன்று ஒருவர் நடுவில் சுட்டார். மதிய இடைவேளை. போத்தலை வாங்க அவன் குழியை விட்டு ஏறி நடந்து வந்தான். இடைவேளை என்று பாராமல் யாரோ இன்னொரு வெடி வைத்தார்கள். மணி 12:31.

சாயிசன் இன்றைக்கும் அதே பட்டறையில்தான் வேலை செய்கிறான். அந்த மனிதனுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு போத்தல் பியரை இன்னும் கொடுக்கவில்லை.