தறியில் ஏறி உட்கார்ந்தவர்

பட்டு நெய்யும் எங்கள் தெருவில் பட்டுப்புழுவை யாரும் பார்த்ததில்லை. ஆரணிக்கு நூல் கட்டுக்கட்டாகத்தான் வரும். "அது எங்கிருந்துப்பா வருது?" என்று மகள் கேட்டால், "பெங்களூர்" என்பேன். தறியிலேயே நரைத்துப்போன எனக்கு அந்தப் பதில் போதும். அவளுடைய அறிவியல் டீச்சருக்குப் போதவில்லை. ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு ஆளுக்கொரு புழுவும் ஒரு பை மல்பெரி இலையும் கொடுத்து, அது கூடு கட்டுவதை வீட்டிலேயே பார்த்து வரச் சொல்லிவிட்டார்.

மகள் அதைச் செருப்புப் பெட்டியில் வைத்தாள். ஒரு நாள் காலையில் பெட்டி காலி.

வீடே குனிந்து தேடியது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப்பார்த்தார்.

"இன்னா தேடறீங்க?"

"புழு."

"அரிசியிலயா? வெயில்ல கொட்டுங்க, போயிடும்."

கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள். தறிக்கு மேலே, புடவையில் பூப்போடும் ஜக்கார்டு பெட்டியிலிருந்து தொங்கும் கயிறுகளுக்கு நடுவே, தலையை ஆட்டி ஆட்டிக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. மிதியை ஒருமுறை அழுத்தினால் கயிறுகள் ஏறி இறங்கும், கூடு கிழியும்.

"மெதிக்காதப்பா," என்று மிதியை மறித்து உட்கார்ந்துவிட்டாள். தறியில் இருந்ததோ ஒரு முகூர்த்தப் புடவை. முந்தானை மட்டும் பாக்கி. நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி அன்றைக்குத்தான் அதை வாங்கிப்போக வருகிறார்.

எனக்கு அவரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அவர் வந்ததும் எழுந்து நின்று மேலே கையைக் காட்டினேன்.

"இன்னாய்யா கூரைய காட்டற? பொடவை எங்க?"

"புழு கூடு கட்டிகினு இருக்குது தாத்தா," என்றாள் மகள். "அசைச்சா பாதியில உட்டுடுமாம்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முக்காலி மேல் ஏறினார். ரொம்ப நேரம் இறங்கவில்லை.

"வாயிலிருந்தா வருது?"

"ஆமா தாத்தா."

"நான் இத்தினி வருஷமா வாலுலேர்ந்துன்னு நெனைச்சிகினு இருந்தேன்."

மின்விசிறியை அணைக்கச் சொன்னார். என் மனைவி இருமினாள். "ஜல்தியா வெளிய போயி இருமிட்டு வாம்மா!" என்றார். கல்யாண வீட்டிலிருந்து போன் வந்தது. "தறியில வேற ஒருத்தர் வேல செஞ்சிகினு இருக்கார். அவர் எறங்கினதும் நம்ம ஆள் உக்காருவார்... இல்லீங்க, அவர அவசரப்படுத்த முடியாது."

மாலையில் விஷயம் கேள்விப்பட்டு டீச்சர் வகுப்பையே அழைத்து வந்தார். நான் வாசலோரம் ஒதுங்கினேன். முதலாளி ஒவ்வொரு பெண்ணையும் முக்காலியில் ஏற்றி, "வாயிலிருந்து வருது, தெரியுமா?" என்றார்.

"தெரியும் தாத்தா. நீங்க கொஞ்சம் நகருங்க, மறைக்குது."

கூடு முடியும்வரை தறி ஓடவில்லை. பிறகு மகள் கத்தரிக்கோலால் அதைப் பிரித்தெடுத்தாள். முதலாளி காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

"அவிச்சாதானே நூல் வரும்?"

"அவிச்சா செத்துடும் தாத்தா. பூச்சியா எப்படி வெளிய வருதுன்னு நான் பாக்கணும்."

"கூட்ட ஓட்டை போடுமே. நூலெல்லாம் வீணாயிடுமே."

"ஆமா. வீணாயிடும்."

பட்டு வீணாகட்டும் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. கையிலிருந்ததைக் கொஞ்ச நேரம் உருட்டினார். பிறகு செருப்புப் பெட்டியைத் தானே திறந்து உள்ளே வைத்தார்.

புடவையைப் பிறகு நெய்து கொடுத்தேன். ஆனால் தினமும் காலையில் முதலாளியின் போன் வந்தது. என்னோடு பேசுவதற்கு அல்ல.

"பாப்பாகிட்ட குடுய்யா," என்பார். அவள் வாங்கியதும் கேட்பார்: "வெளிய வந்துட்டாரா?"