டெய்லர் காலும் வேக்குவம் பம்பும்

வேன் ஓட்டும் உரிமத்தை நான்காவது முயற்சியில் வாங்கினாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேலையை, பெண் ஓட்டினால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று சொன்ன அதே பெற்றோரிடமிருந்து வாங்கினாள். குடியிருப்பின் வண்டி நிறுத்தத்தில் தூணோரமாக ஓர் இடம் வாங்கினாள். அந்த இடத்தில் வேலை பார்க்கும் அனுமதியைச் சங்கச் செயலாளரிடமிருந்து வாங்கினாள். அவரோ யாருக்கும் எதையும் கொடுத்துப் பழகாத மனிதர். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டிய கணவரின் வலது காலிடமிருந்து விடுதலை வாங்கினாள். பிறகு அதை அவளே திருப்பியும் கொடுத்தாள். பொடிசின் வெற்றிகளை யாரிடம் சொன்னாலும் அக்கா இந்த வரிசையில்தான் சொல்வாள். நடுவில் ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

பொடிசு என்பது அக்கா வைத்த பெயர். நாற்பது வயதாகி, அக்காவைவிட ஒரு சாண் உயர்ந்து நின்ற பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

வேன் வாங்கிய புதிதில் ஆயில் மாற்ற அதைப் பட்டறைக்குத்தான் கொண்டுபோனாள். பட்டறைக்காரர் சாவியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பேச்சை மட்டும் துணைக்கு வந்த கணவரிடம் வைத்துக்கொண்டார். கணவர் தையற்காரர்; எல்லோருக்கும் டெய்லர். தையல் மிஷினைத் தவிர உலகத்து இயந்திரம் எதுவும் அவர் மனதைத் தொட்டதில்லை. ஆனாலும் மரியாதைக்காக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அவர் ஆட்டிய தலைக்கெல்லாம் பொடிசு பணம் கட்டினாள். வீட்டுக்கு வந்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தால், காலையில் பார்த்த அதே கறுப்பு.

அன்றோடு பட்டறைக்கு முழுக்குப் போட்டாள். மறுமாதம் தானே வேனுக்கு அடியில் படுத்து, ஆயிலை வடிக்கும் அடிப்போல்ட்டைக் கழற்றினாள். போல்ட் கைநழுவி, ஆயில் பிடிக்க வைத்த சட்டிக்குள் விழுந்தது. ஆயில் சட்டிக்கு வெளியே விழுந்தது. அது பொறுமையாக ஊர்ந்துபோய்ச் செயலாளருடைய காரின் பின்சக்கரத்தில்தான் இளைப்பாறியது. இனி வண்டி நிறுத்தத்தில் யாரும் ஸ்பானரைத் தொடக் கூடாது என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் வேக்குவம் பம்ப் வந்தது. பார்ப்பதற்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் தம்பி போல இருக்கும். ஆனால் குணம் நேர் எதிர்: அது ஊதாது, உறிஞ்சும். ஆயில் குச்சி இருக்கும் துளை வழியாக மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, கைப்பிடியை இழுத்து இழுத்து விட்டால், சூடாறாத பழைய ஆயில் தானாக ஏறி ஜாடிக்குள் வந்து விழும். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம், போல்ட்டைத் தொட வேண்டாம். பொடிசு செயலாளரைக் கையோடு கூட்டிவந்து, டெய்லரிடம் வாங்கிய நான்கு கெஜம் வெள்ளைத் துணியை வேனுக்கு அடியில் விரித்து, அதன்மேல் வேலையை முடித்துக் காட்டினாள். செயலாளர் குனிந்து, சுற்றி வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார். துணியில் அவருடைய செருப்புத் தடம்தான் இருந்தது. அனுமதி கொடுத்துவிட்டு, அந்தத் தடம் துவைத்தால் போய்விடுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் பிரேக் வேறு கதை. பிரேக் ஆயிலை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சின்னத் திருகைத் திறந்து, காற்றும் ஆயிலும் வந்ததும் மூட வேண்டும். மூடும்வரை மிதித்த கால் அசையக் கூடாது. டெய்லரின் காலோ முப்பது வருஷமாகத் தையல் மிஷினை ஓட்டிய கால். எந்த மிதிபலகையின்மேல் வைத்தாலும் அது ஆடத் தொடங்கிவிடும். பொடிசு திருகை மூடுவதற்குள் கால் மேலே வந்துவிடும். வெளியே போன காற்று வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

"என்னங்க, அது மிஷின் இல்ல, பிரேக்கு. மிதிச்சா மிதிச்சபடி இருங்க."

"ஓடியே பழகின காலும்மா. நில்லுன்னா அதுக்குப் புரிய மாட்டேங்குது."

ஒவ்வொரு தடவையும் பிரேக் முடிவதற்குள் இருவருக்கும் பேச்சு வார்த்தை முடிந்துவிடும். அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் தண்ணீர் கொடுப்பாள்.

இந்த நிலையில்தான் பொடிசுக்கு ஒரு யோசனை உதித்தது. ஆயிலை உறிஞ்சுகிற பம்ப் காற்றை உறிஞ்சாதா? பம்பின் குழாயைத் திருகில் மாட்டிவிட்டால் மிதிக்கவே ஆள் வேண்டாமே. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மதியச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொல்லிவிட்டாள்: "இனிமே உங்க கால் வேணாங்க."

டெய்லர் சிரித்தார். "நல்லதாப் போச்சு" என்றார். ஆனால் குழம்பை இரண்டாம் முறை கேட்கவில்லை. அதை அக்கா கவனித்தாள்.

மறுநாள் காலை வேனுக்கு அரசுச் சோதனை இருந்தது. பிரேக் சரியில்லை என்றால் சான்று கிடைக்காது. சான்று இல்லையென்றால் பள்ளி அந்த வேலையை வேறு வேனுக்குக் கொடுத்துவிடும். அதற்காக ஒருவர் ஏற்கெனவே பள்ளி வாசலில் வந்து சிரித்துவிட்டுப் போயிருந்தார்.

மதியத்துக்கு மேல் வேலை தொடங்கியது. பொடிசு பிரேக் ஆயில் டப்பாவை நிரப்பிவிட்டு, பின்சக்கரத்தருகே குந்தி, பம்பை இழுத்தாள். அக்கா விளக்குப் பிடித்தாள். குழாயில் கறுத்த ஆயில் வந்தது, கூடவே குமிழி. மறுபடி இழுத்தாள். மறுபடியும் குமிழி. நிற்கிற பாடாக இல்லை. இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பிள்ளைகளை ஏற்றினோம் என்று பொடிசு பதறினாள். விடாமல் இழுத்தாள். திடீரென்று ஆயிலே நின்று, வெறும் காற்று சீறியது. ஓடிப்போய் பிரேக்கை மிதித்தாள். கால் தடையில்லாமல் தரையைத் தொட்டது.

டப்பா காலி. காற்று குழாய் முழுக்கக் குடிபுகுந்துவிட்டது.

"எப்பவும் ஒரு தடவை ஊத்தினா கடைசி வரைக்கும் வருமே, அக்கா" என்றாள் பொடிசு.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வேனில் டப்பா இருப்பது ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், மிதிக்கிறவர் முழங்காலுக்குப் பக்கத்தில். மாடியேறிப் போனாள். டெய்லர் மிஷினை ஓட்டாமல், அதற்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, பிரேக் மிதிக்கறப்போ அந்த டப்பாவுல நீங்க ஏதாவது ஊத்துவீங்களா?"

"ஆமா அண்ணி. குறையக் குறைய விடுவேன். எண்ணெய் இல்லாம எந்த மிஷின் ஓடும்?"

"அதை ஏன் சொல்லவே இல்ல?"

"காலைப் பத்தித்தானே எப்பவும் பேச்சு. கையைப் பத்தி யாரும் கேக்கலையே."

கீழே சான்று போகப்போகிறது என்று மட்டும் அக்கா சொன்னாள். டெய்லர் எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு, கழுத்திலிருந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் இறங்கினார்.

அவர் வந்து நின்று, டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தது அவர்தான் என்று அக்கா சொன்ன பிறகும் பொடிசு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "உள்ள உக்காருங்க" என்றாள்.

"கால் வேணாம்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"காலை யார் கேட்டா? கண்ணும் கையும் வேணும். காலைச் சும்மா வெச்சுக்குங்க."

அவர் உட்கார்ந்தார்; புது ஆயில் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் குமிழிகள் இன்னும் வந்துகொண்டே இருந்தன. பொடிசு பம்பை நிறுத்தி, திருகையே உற்றுப் பார்த்தாள். பின்பு விரலில் கொஞ்சம் கிரீஸ் எடுத்துத் திருகின் மரையைச் சுற்றித் தடவினாள். அடுத்த இழுப்பில் குமிழி குறைந்தது. அதற்கடுத்ததில், வெளிறிய புது ஆயில் ஒரே இழையாக வந்தது. அவளைப் பதறவைத்த குமிழி பிரேக்கிலிருந்தே வரவில்லை. தளர்ந்த மரை வழியாகப் பம்ப் வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

நான்கு சக்கரமும் முடிந்தபோது வெயில் இன்னும் இருந்தது. கடைசியாக மிதித்துப் பார்க்க வேண்டும். பொடிசு சன்னலருகே வந்து நின்றாள், மிதிக்கச் சொன்னாள். டெய்லர் மிதித்தார். கால் பாதியில் கல்லைத் தொட்டது போல நின்றது. ஆடவில்லை.

"நிக்குதே" என்றார், தன் காலையே நம்பாமல்.

"அது உங்க கால் இல்லங்க. என் பிரேக்கு."

அக்கா சிரித்த சிரிப்பில் செயலாளர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

மறுநாள் சோதனை அதிகாரி வேனை வேகமாக ஓட்டி, ஓங்கி மிதித்தார். வேன் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. அவர் இறங்கிவந்து, பிரேக் வேலை எந்தப் பட்டறையில் பார்த்தது என்று டெய்லரிடம் கேட்டார். டெய்லர் பழக்கதோஷத்தில் தலையாட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மனைவி பக்கம் கையைக் காட்டினார்.

அதிகாரி சான்றுத் தாளைத் திருப்பி, 'பராமரித்தவர்' என்ற இடத்தைச் சுட்டினார். மற்ற வண்டிகளின் தாளில் பட்டறை முத்திரை மட்டுமே விழும் இடம் அது. பொடிசு கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். கீழே தேதி போட்டாள்: 2019 செப்டம்பர் 12, வியாழக்கிழமை.