நின்ற காரின் வேகம்

நுங்குக்கு ஆசைப்பட்டது தப்புங்க. பெரிய தப்பு!

போன மாதம் இலுப்பூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் காரை ஓரங்கட்டினேன். என்ஜினை அணைத்துவிட்டு நுங்கு வாங்க இறங்கினேன். மனைவி முன்சீட்டிலேயே இருந்தாள். கட்டுமாவடியிலிருந்து வந்த மீன் வேன் ஒன்று, அவ்வளவு அகல ரோட்டை விட்டுவிட்டு, நேராக வந்து காரின் பின்பக்கத்தில் மோதியது. மனைவிக்கு வலது கை எலும்பு முறிந்தது. அவள் தமிழ் டீச்சர். கட்டுப் போட்ட கையோடு போர்டில் என்னத்தை எழுதுவது?

ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆர். காப்பி வராமல் எதுவும் நகராது என்றது இன்சூரன்ஸ். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் பாவம், அது எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு வந்து பார்த்ததில்லை.

"ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க..."

"சர்வர் படுத்துக்கிச்சு, நாளைக்கு வாங்க..."

"பிரிண்டர்ல மை இல்லைங்க."

கடைசியில் ஏட்டய்யாவே மனமிரங்கினார். "அவசரம்னா எதுத்தாப்ல ஜெராக்ஸ் கடையில கேட்டுப் பாருங்க சார்."

ஜெராக்ஸ் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நுங்கு கேஸா? வேன் ஓனரு வாங்கிட்டாரு, வக்கீல் ஆளுக வாங்கிட்டாக. நீங்க மட்டுந்தான் பாக்கி" என்று ஒரு காப்பியை உருவிக் கொடுத்தார். என் புகாரை ஊரே படித்து முடித்த பிறகு எனக்கு வந்தது!

வீட்டில் மனைவி அதை இடது கையில் பிடித்துக்கொண்டு வாசித்தாள். பரீட்சைப் பேப்பர் திருத்தும் முகம்.

"ஏங்க, நம்ம கார் நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, காரின் பின்பக்கத்தால் வேனின் முன்பக்கத்தில் மோதியதாகன்னு போட்டிருக்கு. அப்ப என் கையை ஒடிச்சது நீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. வலியோடு இருப்பவளிடம் சிரித்ததற்கு அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுபடியும் ஸ்டேஷன். ஏட்டய்யா பதறவே இல்லை. "ஆக்ஸிடென்ட்னா அந்த வரி வந்துரும் சார். பழைய கேஸை எடுத்து நம்பரை மட்டும் மாத்திப்போம். ரெண்டு வண்டி நம்பரும் எடம் மாறிருச்சு போல."

"சரி, திருத்துங்க."

"கோர்ட்டுக்குப் போயிருச்சே, இனி அதுல கை வைக்க முடியாது. கார் நின்னுச்சுன்னு சாட்சி கூட்டியாங்க, விசாரணையில பாத்துக்குவோம்."

நின்ற கார் நின்றது என்பதற்குச் சாட்சி! எங்களைத் தவிரப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். புளியமரத்தடிக்கு ஓடினேன். நுங்குக்காரர் நல்ல மனிதர். மனைவியின் கையை அக்கறையாக விசாரித்தார். ஸ்டேஷன் என்றதும் முகம் மாறிவிட்டது.

"நான் அங்கிட்டுத் திரும்பி நுங்கு சீவிக்கிட்டு இருந்தேங்க. எதையும் பாக்கலை."

அவரைக் கோபித்து என்ன செய்ய? என் காப்பிக்கே இத்தனை நடை என்றால், சாட்சிக்கு வருகிறவர் பிழைப்பைப் பார்ப்பாரா, ஸ்டேஷன் பெஞ்சைத் தேய்ப்பாரா? நம் ஊரில் விபத்து ரோட்டில் ஒருமுறை நடக்கிறது, பேப்பரில் இன்னொரு முறை நடக்கிறது. இரண்டிலும் அடிபடுவது ஒரே ஆள்தான்.

இதை எழுதும்போது கார் மெக்கானிக் ஷெட்டில், தார்ப்பாய்க்குள் நிற்கிறது... அதிவேகமாகவும், அஜாக்கிரதையாகவும்!